ஏழு நிமிடத் தாமதம்

சனிக்கிழமை மூன்று மணிக்கு வகுப்பு.
ஒட்டுசுட்டான் பால் சேகரிப்பு நிலையத்தில்
கடைசிக் கானை அலசிக் கவிழ்த்துவிட்டு வந்து
கை ஈரத்தோடேயே இணைப்பை அழுத்துவேன்.
சுற்றிச் சுற்றி ஒரு வட்டம்.
பிறகு, என் நெற்றி.
கமராவை உடனே அணைத்துவிடுவேன்.

பெயர் வேண்டாம், பதிவிலக்கம் போதும் என்பது
அவர்களுடைய ஒழுங்கு.
நான் அறுபத்திரண்டு.
விநியோகச் சங்கிலி முகாமைத்துவ முதுமாணி, இரண்டாம் வருடம்.
வளாகத்தின் வாசல் எந்தத் திசை பார்க்கும் என்று
இன்னும் தெரியாது.

விரிவுரையாளர் நல்லவர்.
கேட்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்பார்.
நாற்பது கறுப்புப் பெட்டிகள் ஒன்றும் பேசா.
தன் முகத்தைத் தானே பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தொடர்வார்.
ஒருநாள் பதினொரு நிமிடம் சத்தமே இல்லாமல் படிப்பித்தார்.
அந்த வாயசைவில் எதையோ
கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறேன்,
திகதியோடு.

குழு வேலைக்கு எனக்கு விழுந்தது முப்பத்தொன்பது.
மைக் திறக்காத ஆள்.
ஆணோ பெண்ணோ, தட்டச்சில் தெரியாது.
கொழும்பு என்று நானே முடிவுகட்டினேன்:
அவ்வளவு சுத்தமான ஆங்கிலம்,
உசாத்துணைப் பட்டியலில் ஒரு காற்புள்ளி தப்பாது.
குளிரூட்டிய அறை, கண்ணாடி மேசை, கோப்பி
எல்லாம் நான் வாங்கிக் கொடுத்தவை.
அந்த ஆளுக்கு அனுப்பும் வசனங்களை
மூன்று தரம் தோய்த்துக் காயப்போட்டுத்தான் அனுப்புவேன்.

கரண்ட் போன இரவுகளில்
"மன்னிக்கவும், இணைப்பு" என்று எழுதுவேன்.
"பரவாயில்லை" வரும்.
வீடு முழுக்க நித்திரையாய்க் கிடக்க
ஒரு மணிக்கும் வரும்.

போன சனி, பாடம்: கடைசி மைல்.
பொருள் ஆயிரம் மைல் சும்மா வந்துவிடும்,
வாசலுக்கு வரும் அந்தக் கடைசித் துண்டில்தான்
செலவெல்லாம் என்றார்.
எங்கள் பக்கம் அதற்குப் பெயர் கட்டை.
மாரிக்குக் குழியாகிற கிறவல் கட்டை.
முத்தையன்கட்டிலிருந்து சைக்கிளில்
ஆறு லீற்றரோடு விடியமுன் வருகிறவர்களின் கட்டை.
அதைச் சொல்லலாமென்று
மைக்கில் விரல் வைத்தேன்.

அதற்குள் முப்பத்தொன்பது
தவறுதலாய்த் திறந்துகொண்டது.
ஓர் ஆடு.
"அங்கால போ, சனியன்!"
பின்னால், தூரத்தில்,
பாண் ஓட்டோவின் கிணுகிணுப் பாட்டு.
பெட்டி மூடிக்கொண்டது.

பாண் ஓட்டோ எல்லா ஊரிலும் ஓடும்,
எல்லாம் அதே பாட்டுத்தான்.
ஆனால் எங்கள் ஓட்டோவின் ஒலிபெருக்கி
மழையில் நனைந்தது,
நாலாவது சுரத்தில் இருமும்.
அது இருமியது.

விரிவுரையாளர் அம்புக்குறிகள் போட்டுக்கொண்டிருந்தார்.
ஏழு நிமிடம்.
என் படலையடியில் அதே இருமல்.

இணையத்தின் தாமதம் என்றுதான்
முதலில் நினைத்தேன்.

பிறகு கணக்குப் போட்டேன்.
இடையில் நாலு வாசலில் நிறுத்தினாலும்
மில்லடிக்கு அங்கால் போகாது.
திங்கட்கிழமைகளில்
என்னிடம் கையெழுத்து வைத்துப்
பால்காசு எண்ணி வாங்குகிற யாரோ.

வகுப்பு முடியும்போது தனியே தட்டினேன்,
முதல்முறையாய்த் தமிழில், தோய்க்காமல்:
"மாலுபாண் முடிஞ்சுதாம். உங்களிட்ட நிண்டதோ?"

நெடுநேரம் ஒன்றுமில்லை.
ஓட்டோ சந்தி திரும்பிவிட்டது.

"ஓம் கடைசி மூண்டும் நான்தான் எடுத்தனான் மன்னிக்கவும்"

ஒரு காற்புள்ளிகூட இல்லை.