ஈரக் கை

துலூத் நகரில் பிப்ரவரி.
ஏரி வெள்ளையாய் இறுகிக் கிடக்கிறது,
முதல் கப்பல் வர இன்னும் ஏழு வாரம்.
குழந்தைகள் அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில்
ஐந்தாண்டுத் திட்டம் தீட்டப்
பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறோம்,
நான்கு வயதுக்கு அளந்து செய்த நாற்காலிகளில்.
பெரிய நாற்காலி வாங்குவது
போன ஐந்தாண்டுத் திட்டத்தில் இருந்தது.

நான் குறிப்பெழுதுபவள்.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
அதற்குமேல் எனக்கு அபிப்பிராயம் கிடையாது.

மினியாபொலிஸிலிருந்து வந்த ஆலோசகர்
ஜன்னல் கண்ணாடியில் மஞ்சள் தாள்களை ஒட்டுகிறார்.
சிக்கனம். பசுமை. வளர்ச்சி. அனைவருக்கும்.
பனிபூத்த கண்ணாடியில் பசை நிற்கவில்லை.
'அனைவருக்கும்' இரண்டு முறை விழுந்தது,
'வளர்ச்சி' மூன்று முறை.
டெக்கா குனிந்து குனிந்து எடுத்து ஒட்டினாள்,
கடைசியில் மேசைமேலேயே வைத்துவிட்டாள்.

பொருளாளர் ஆர்விட் எங்க்வால் கணக்கோடு வந்திருந்தார்.
கை துடைக்கும் காகிதம்
வருடத்துக்கு நாலு லட்சத்துப் பத்தாயிரம் தாள்.
கழிப்பறை நான்கிலும் காற்றில் உலர்த்தும் இயந்திரம் மாட்டினால்
போட்ட பணம் பதினான்கு மாதத்தில் திரும்பும்.
மரம் மிஞ்சும். குப்பை வண்டி
வாரம் ஒருமுறை வந்தால் போதும்.
பழுதில்லாத கணக்கு.
நானே தலையாட்டினேன்,
குறிப்பெழுதுபவள் தலையாட்டக் கூடாது.

பெற்றோர் சார்பில் வந்த பா நியா
மெதுவாகச் சொன்னாள்:
'என் மகன் கோங் தண்ணீர் மேசைக்காகத்தான் இங்கே வருவான்.
ஒரே ஒரு மரப்படகு.
மதகுக்கு மதகு அதைத் தள்ளிக்கொண்டே
மூன்று மணி நேரம்.
விமான நிலையத்தில் ஒருமுறை
அந்த இயந்திரம் அவன் பக்கத்தில் அலறியது.
அதற்குப் பிறகு ஏழு மாதம்
வீட்டைத் தவிர வேறெங்கும்
அவன் சிறுநீர் கழிக்கவில்லை.'

கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் பேசியது.
'மாதிரிக்கு ஒன்று கீழே மாட்டியிருக்கிறதே' என்றாள் டெக்கா,
'கேட்டுத்தான் பார்ப்போமே.'

பன்னிரண்டு பேரும் கழிப்பறையில்.
முட்டி மடக்கி உட்காருங்கள் என்றாள் பா நியா,
இன்னும் கீழே, இன்னும்.
ஆர்விட் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்,
கோட்டு நுனி ஈரத் தரையில்.
அப்போதுதான் பார்த்தோம்:
நமக்குக் கை இருக்கும் உயரத்தில்
அவனுக்குக் காது இருக்கிறது.

டெக்கா எட்டிக் கையை நீட்டினாள்.

அந்த நிமிடத்துக்கு என் குறிப்பேட்டில் எதுவும் இல்லை.
பேனா பிடித்த கை காதில் இருந்தது.

மேலே வந்து மறுபடி சின்ன நாற்காலிகள்.
துணித் துவாலை என்றார் ஒருவர்.
துவைப்பது யார், வெந்நீர் எத்தனை காலன்,
அதுவும் மின்சாரம்தானே என்றார் இன்னொருவர்.
சுகாதார அதிகாரி ஒத்துக்கொள்வாரா.
ஒரு தளத்தில் இயந்திரம், மறு தளத்தில் காகிதம்,
அப்படியென்றால் தண்ணீர் மேசை எந்தத் தளத்தில்.
பசுமைக்கும் அனைவருக்கும் நடுவே
இப்படி ஒரு சுவர் உண்டென்று
எந்த மஞ்சள் தாளிலும் எழுதியிருக்கவில்லை.
இன்னாரைக் கைகழுவுவோம் என்று
யாரும் தீர்மானம் போடுவதில்லை.
கூட்டல் சரியாக வரும்போது
அது தானாக நடந்துவிடுகிறது.
இதை நான் குறிப்பில் எழுதவில்லை.

எழுதியது இவ்வளவுதான்:
துவாலை குறித்துத் துணைக்குழு ஆராயும்.
ஏப்ரலில் மீண்டும் கூடும்.
முன்மொழிந்தவர் டெக்கா. வழிமொழிந்தவர்
(இங்கே கொஞ்சம் தாமதம்) ஆர்விட் எங்க்வால்.

எல்லோரும் போன பிறகு
விளக்கணைக்கக் கீழே இறங்கினேன்.
கழிப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது.
குழாயை மூடிவிட்டு
இயந்திரத்தின் முன் ஆர்விட் நின்றுகொண்டிருந்தார்.
கையை அதனிடம் நீட்டவில்லை.
விரல் நுனிகளிலிருந்து சொட்டியது.

வெளியே மைனஸ் இருபது.
வாசலில் என்னைப் பார்த்ததும்
விடைபெறக் கை கொடுத்தார்.
இன்னும் காயவில்லை.