பதினெட்டில் நாலு

பெட்ரோல் பங்கின் கல்லாப் பக்கம்
ஒரு கம்பிக் கூடை.
கார்க் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீருக்கும்
புதினா மிட்டாய்க்கும் நடுவில்
காப்பர் ஹெரன்ஸ்.
தலைசிறந்த பாடல்கள் பதினெட்டு,
ஐந்து பவுண்டு.
பாயின்ட் அட்டை இருக்கா என்றான் பையன்.
இல்லை என்றேன்.

அட்டைப்படத்தில் ஐந்து பேர்.
என் இடத்தில் நிற்கிறவனுக்கு
என்னைவிட நல்ல முடி.
உள்ளே, எறும்பு எழுத்தில்,
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தால்
'ட்ரம்ஸ், 3, 7, 8, 14: என். டௌஸ்.'
பதினெட்டில் நாலு.
பள்ளிக்கூடத்தில் இதைவிடக் குறைவாகவும்
வாங்கியிருக்கிறேன்.

வேனில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.
கிரிம்ஸ்பி துறைமுகத்தில் விடியுமுன் எடுத்த மீன்
மத்தியானத்துக்குள்
கடலைப் பார்க்காத ஊர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.
தட்டைச் சொருகினேன்.
ஏழும் எட்டும் போகட்டும், முதலில் மூன்று.

மூன்றாவது பாட்டை
மூடிப்போன ஒரு மெதடிஸ்ட் சர்ச்சில் பதிவு செய்தோம்,
எழுபத்தொன்று ஜனவரி.
பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.
என் பேஸ் ட்ரம் பெடல்
மிதிக்கும்போதெல்லாம் கிரீச் என்றது.
தையல் மிஷின் எண்ணெய் விட்டோம்,
வெண்ணெய் தடவினோம்,
ஆப்ரி தன் தலைக்குத் தடவும் பசையைக்கூடக் கொடுத்தான்.
கிரீச்.
மணிக்கு ஒன்பது பவுண்டு வாடகை.
சரி, அதுவும் வாசிக்கட்டும் என்றான் ஆப்ரி.

அப்படித்தான் அது உலகத்துக்குப் போனது.
டார்ட்முண்டில் ஒரு பெண்
மேடைக்குப் பின்னால் வந்து
எனக்குத் தெரியாத மொழியில் ஏதோ சொல்லி
தெரிந்த மொழியில் முடித்தாள்:
கிரீச், கிரீச்.
அடுத்த மாதம்
ஒரு செவ்வாய்க்கிழமை
என்னை வேண்டாம் என்றார்கள்.

இப்போது கேட்கிறேன்.
கிதார் வருகிறது, சரி.
ராய்ஸ்டனின் இருமல்கூட அடங்கிய குரல், சரி.
என் கால் வருகிறது.
என் கால் மட்டும் வருகிறது.

பாட்டை நிறுத்தி, பின்னால் போய், மறுபடி கேட்டேன்.
'புதிதாகத் துலக்கப்பட்டது' என்று
அட்டையில் பொன் எழுத்து.
எங்கோ ஒருவன்
காதில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து
ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறான்.
நல்ல வேலைக்காரன். குறை சொல்ல மாட்டேன்.
முப்பது வருஷமாக மீன் அறுக்கிறவன் நான்.
சாமணத்தால் முள் எடுத்த சதை
எப்படி மூடிக்கொள்ளும் என்று தெரியும்.
விரலை வைத்தால்
அது இருந்த இடமும் தெரியும்.

பதினாலில் ஒன்று விட்டுவிட்டான்.
ஹல் நகரத்துக் கச்சேரி,
ஆரவாரத்துக்குள்ளே ஒரு கெட்ட வார்த்தையும்
என் பெயரும் சேர்ந்து வரும்.
கூட்டத்தில் யாரோ குடிகாரன் என்று நினைத்திருப்பான்.
அது ட்ரெவர். என் தம்பி.
எழுபத்தெட்டில் படகோடு போனவன்.
அந்த இடம் வந்ததும்
ஒலியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

திருமதி பின்ச்பெக் வீட்டு வாசல்.
இன்ஜினை அணைத்தேன். மழை.
வேனின் க்ளட்ச் பெடல்
நவம்பரிலிருந்து சத்தம் போடுகிறது.
மூன்றை மறுபடி வைத்து
இடது காலால் மெல்ல மிதித்தேன்.
கிரீச்.
கொஞ்சம் முந்திவிட்டது.
மறுபடி.
இரண்டாவது சரணத்தில் பிடித்துவிட்டேன்.

ஜன்னலில் தட்டினாள்.
ஒரு விரலை உயர்த்திக் காட்டினேன்.
குடையோடு நின்றாள் பாவம்,
பல்லவி முடியும்வரை.

கண்ணாடியை இறக்கினேன்.
'அந்தப் பெடலுக்கு எண்ணெய் போடுங்கள், டௌஸ்,
தெருமுனைவரை கேட்கிறது.'
போடுகிறேன் என்றேன்.
ஹேடக் ரெண்டுதானே,
தோலோடா, உரித்தா?