எலும்புக்கு முருங்கைக்காய்

மணிக்கட்டு முறிய ஒரு முருங்கைக்காய்.
முழங்கால் என்றால் இரண்டு, சேர்த்துப் பிடித்து, ஈரத்துணிக்குள்.
விலாவுக்கு மூன்று நாள் காய்ந்த குபூஸ்.
கன்னத்தில் விழும் அறைக்கு
பரோட்டா மாவு, எஃகு மேசை, என் வலது கை.

சார்ஜா, சஜ்ஜா, ஏழாம் எண் முகாம்.
இரவு பதினொன்றரைக்குப் பின்
சமையல்கட்டில் புகைவிசிறியை நிறுத்திவிட்டு
இருநூறு பேருக்குச் சோறு வடிக்கும் நான்
பதினாறு பேருக்கு எலும்பு முறித்தேன்.

படம் வேல்மயிலுடையது.
சாரம் கட்டுகிறவன்.
சிமெண்டுத் தாளில் கதை எழுதி வைத்திருந்தான்:
அண்ணனைக் கொன்றவனைத் தேடி
ஒருவன் வருகிறான். பேசமாட்டான். உதைப்பான்.
பேசாததற்குக் காரணம்
நாயகன் தில்பகதூருக்குத் தமிழ் வராது.
போக்ராக்காரன், சலவைக்கூடத்தில் இஸ்திரி,
டேக்வாண்டோவில் கறுப்புப் பட்டை.
அவன் கால் தலைக்கு மேல் போனால்
வேடிக்கை பார்க்கிற கைலிகள் எல்லாம்
ஒரு எட்டு பின்னால் நகரும்.

வெள்ளிக்கிழமை மட்டும்தான் படப்பிடிப்பு,
அதுவும் ஜும்மா முடிந்து கமாலுதீன் வந்த பிறகு.
கைப்பேசி அவனுடையது.
வெயிலில் அது சூடாகிச் செத்துப்போகும்.
ஐஸ் பெட்டியில் லபான் பாட்டில்களோடு படுக்கவைத்து
உயிர் வந்ததும் எடுத்து, அடுத்த உதை.
சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிக்குள் அவன் குந்தியிருக்க
பழைய இரும்புக் கிடங்கின் ஊடே தள்ளிக்கொண்டு ஓடுவோம்.
ஒரு சக்கரம் இடப்பக்கம் இழுக்கும்.
படத்தில் எல்லாச் சண்டையும்
கொஞ்சம் இடப்பக்கமாகவே நடக்கிறது.

ரத்தம், நோன்பில் மிஞ்சிய விம்டோவும் சோளமாவும்.
செத்துக் கிடந்தவர்கள் மேல் எறும்பு ஊறியது.
அடியாட்கள் ஆறு பேர்தான்,
சட்டை மாற்றி மாற்றிப் பதினாறு பேராகச் செத்தார்கள்.
நைட் ஷிப்ட் முடித்து வந்த எட்வின்தாஸ்
மூன்றாவது முறை செத்தபோது தூங்கிவிட்டான்.
நல்ல நடிப்பு என்றோம்.

வில்லனுக்கு ஒரு கோட்டு வேண்டியிருந்தது.
சலவைக்கு வந்திருந்தது,
சைட் மேனேஜருடையது, சாம்பல் நிறம்.

கடைசியில் கோட்டுக்காரன்
நாலாவது மாடியிலிருந்து விழவேண்டும்.
மேலே ஒரு காட்சி, கீழே மணலில் ஒரு காட்சி,
நடுவில் வானம்.
"விழுறத எடுக்க வேண்டாம்ணே.
சத்தத்துலயே விழுந்துருவான்."

நாற்பது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் போட்டேன்.
ஹெட்போனில் கேட்டான். இல்லை.
ஆட்டுத்தொடையை ஈரச் சாக்கில் கட்டிப் போட்டேன்.
இல்லை.
தர்பூசணி. இல்லை. மறுபடி அரிசி.
"இவ்வளவு சத்தம் வராதுண்ணே."
கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
"முதல்ல ஹெல்மெட் விழும்.
அது உருண்டு நிக்கிற வரைக்கும்
வேற ஒண்ணும் காதுல கேக்காது."

போன வருஷம், துணைமின்நிலைய வேலை.
பெல்ட் போடவில்லை என்று தாளில் எழுதி
கையெழுத்து வாங்கி முடித்த ஆறுமுகநயினார்
இவன் அண்ணன்.
கீழே நின்று குழாய் எடுத்துக் கொடுத்தவன் இவன்.
பெல்ட்டுகள் அடுத்த வாரம்தான் வந்து இறங்கின.

மூட்டை பிரிந்து சிந்திய அரிசியை
இருவரும் விடியும்வரை பொறுக்கினோம்.

சாப்பாட்டுக்கூடத்தில் போர்வை கட்டிப் படம் ஓடியது.
ஒவ்வொரு முருங்கைக்காய்க்கும் விசில்.
கோட்டு விழுந்த இடத்தில் சத்தமே இல்லை.
யாரோ எழுந்து போய் ஸ்பீக்கரைத் தட்டினார்.
தட்டட்டும் என்று விட்டுவிட்டான்.

சனிக்கிழமை ஆய்வாளர்கள் வருகிற நாள்.
காலை ஐந்து மணிக்கு, பஸ் ஏறுமுன்
மேனேஜரே வந்து தலை எண்ணினார்.
சாம்பல் கோட்டு.
தில்பகதூர் மடிப்புக் கலையாமல்தான் தேய்த்திருந்தான்.
வலது கைமுனையின் உள்ளே மட்டும்
புளியங்கொட்டை அளவு சிவப்பு.
விரல் நீட்டும்போதெல்லாம் அது வெளியே வந்தது,
ஒன்று, இரண்டு, மூன்று.
எப்போதும் செருப்பைப் பார்த்து நிற்கிற நாங்கள்
அன்று அந்தக் கையையே பார்த்து நின்றோம்.
ஆள் கணக்கு சரி என்றார்.