ஏழாம் தொட்டியின் புளிப்பு

நவம்பர். ஸ்ஃபாக்ஸில் ஆலிவ் ஆட்டும் மாதம்.
ஏழாம் தொட்டி எண்ணெயின் புளிப்பை
ராதியா சொட்டுச் சொட்டாக அளந்து
தாளில் எழுதினாள்: 0,80.
இந்த ஊரில் தசமத்துக்குக் காற்புள்ளி.
திரையில் அது புள்ளியாயிற்று. அதில் குற்றமில்லை.

முதல் தரத்துக்கு எல்லை, பத்தில் எட்டு.
தொடலாம். தாண்டக் கூடாது.

தாண்டிவிட்டதாம்.
காலை ஆறு மணிக்கு மொங்கி ஃபெக்கி
தொலைபேசியில் கத்துகிறார்:
"ஆய்வுக்கூடத்திலிருந்து கிடங்குக்கு இருபது அடி.
இருபது அடிக்குள்ளா கெட்டுப்போச்சு?"

காபி ஆறுகிறது.
வந்த வழியைத் திறந்து பார்க்கிறேன்,
எண்ணெயை அல்ல, எண்ணை.
ஒரு மொழியின் நிரல் கொடுக்கிறது,
வேறொரு மொழியின் நிரல் வாங்குகிறது,
நடுவில் அந்த எண்
மேல்சட்டை இல்லாமல் நடந்து போகிறது.

கொடுத்ததற்கு இரண்டே விரல்.
அரை தெரியும், கால் தெரியும்,
அரைக்கால், மாகாணி, அரைமாகாணி என்று
பாதியில் பாதியாக
எத்தனை படி வேண்டுமானாலும் இறங்கும்.
பத்தில் ஒன்று கேட்டால் மட்டும்
கிட்டத்தட்ட ஒன்றைக் கையில் திணித்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

வாங்கியதோ இம்மி பிசகாதது.
அந்தக் கிட்டத்தட்டவைக்
கடைசி இலக்கம் வரை வாசித்தது:
எட்டு,
பதினைந்து பூஜ்யம்,
மூன்று நாலு,
அதற்கப்புறமும் நிற்கவில்லை.
எல்லையைவிடப் பெரிது என்றது.
பெரிதுதான்.
இரண்டில் எதுவும் பொய் சொல்லவில்லை.
ஒரு தொட்டி எண்ணெய் தரம் இறங்கிக் கிடந்தது.

இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டேன்.
அவ்வளவுதான்.
இனி அது எழுத்தாகப் போகும், எழுதியபடி சேரும்.
மொங்கிக்கு இதை விளக்கவில்லை.
"சரியாயிற்று" என்றேன்.
அவரும் எப்படி என்று கேட்கவில்லை.

மதியம் ராதியா கையைத் துடைத்தபடி
திரையருகே வந்து நின்றாள்.
"பூஜ்யம் திரும்பி வந்திருக்கு."
எந்தப் பூஜ்யம்?
"எட்டுக்குப் பின்னால். ரெண்டு வருஷமா
நான் எழுதுவேன், நீங்க தின்னுடுவீங்க."
அதற்கு மதிப்பு ஒன்றுமில்லையே என்றேன்.
"ஒன்றுமில்லைன்னு பார்த்துட்டுத்தான் எழுதினேன்" என்றாள்.
"அந்த இடம் வரைக்கும் அளந்தது நான்."

அவள் போன பிறகு
விலைப் பத்தியைத் திறந்தேன்.
தினாருக்கு ஆயிரம் மில்லிம், புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.
அதுவும்
மேல்சட்டை இல்லாமல்தான்
போய்க்கொண்டிருந்தது.