பெயர் வாசிக்கும் ஞாயிறு

எங்கள் தீவில் தல என்றால் செய்தி.
கொஞ்சம் நீட்டித் தாலா என்றால் பணம்.
குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவே
எனக்குப் பெயர் வைத்தார்கள்:
தலலெலெய். நற்செய்தி.
நான் பிறந்த அன்று
வேறு நல்ல செய்தி எதுவும் இல்லையாம்.

சவாயியில் ஞாயிறு வெள்ளையாக விடியும்.
அம்மா என் உடுப்பை இரண்டு முறை தேய்ப்பாள்.
அக்காவுடையது, அதற்கு முன் யாருடையதோ.
அக்குளில் மஞ்சள் கறை.
'கையைத் தூக்காதே, போதும்' என்பாள்,
தாழையோலைத் தொப்பியை என் தலையில் அமுக்கியபடி.

ஆராதனை முடிந்ததும்
செயலாளர் ஃபிலெமு கண்ணாடியைத் துடைப்பார்.
குடும்பம் குடும்பமாக வாசிப்பார்
யார் எவ்வளவு காணிக்கை வைத்தார்கள் என்று,
ஆண்டவருக்குக் காது மந்தம்போல
அவ்வளவு உரக்க.
ஐந்நூறு.
இருநூற்றைம்பது.
ஆக்லாந்தில் மகன் இருக்கும் வீடு, எழுநூறு.
பிறகு அப்பா பெயர்.
பத்து.

பெண்கள் வரிசையில் ஓலை விசிறிகள்
ஒரு நொடி நின்று மறுபடி ஆடும்.
எண்ணியிருக்கிறேன், பதினொரு விசிறிகள்.

பள்ளிப் பேருந்தில் என் பெயர் அதுதான்.
'ஏய் பத்து, தள்ளி உட்காரு.'
தள்ளி உட்காருவேன்.

இருட்டும் நேரம்
சீமைப்பலா மரத்தில் தொங்கும் காலி எரிவாயு உருளையை
யாரோ இரும்பால் அடிப்பார்கள்.
அதன்பின் சாலையில் யாரும் நடக்கக் கூடாது.
நாய்கள்கூட உட்கார்ந்துவிடும்.
பாய் விரிப்போம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம்.
அப்புறம் அப்பா எங்களை ஒவ்வொருவராகக்
கடவுள் கையில் ஒப்படைப்பார்:
மீன் கப்பலுக்குப் போய்
எட்டு மாதமாகப் போனும் இல்லாத இயாகோபோ,
தையல் படிக்கும் சினாலெய்,
இருமுகிற பெசமினோ,
சினையாக இருக்கும் பன்றி,
அப்புறம் நான்.

பன்றிக்குப் பின்னால் வருவது வருத்தம்தான்.
ஒருநாள் கேட்டேவிட்டேன்.
'அதுக்கு நாள் நெருங்குது.
உனக்கு இன்னும் நேரம் இருக்கு' என்றார்.

போன மாதம் செயலாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது.
போதகரின் கண் வரிசை வரிசையாக ஓடி
என்னிடம் வந்து நின்றது.
முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு
நோட்டை வாங்கினேன்.

ஐந்நூறு என்றேன். இருநூற்றைம்பது.
எனக்குள் இவ்வளவு பெரிய குரல் இருப்பது
எனக்கே தெரியாது.
எழுநூறு.
பக்கத்தைத் திருப்பினேன்.
நீல மையில் அப்பா பெயர், எதிரே
எனக்குத் தெரிந்த பத்து.

ஒரு பூஜ்யம் சேர்க்க அரை மூச்சு போதும்.
கூட்டல் தப்பாகும், அவ்வளவுதானே.

அப்பாவைப் பார்த்தேன்.
அவர் தரையைப் பார்க்கவில்லை.
ஜெபத்தில் என் பெயரைச் சொல்லும்போது
அவர் முகம் எப்படி இருக்குமென்று தெரியாது,
அந்நேரம் என் கண் மூடியிருக்கும்.
இப்படித்தான் இருக்கும் போல.

'பத்து' என்றேன்,
எழுநூறைச் சொன்ன அதே குரலில்.
கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம்.
விசிறிகள் நின்றனவா, கவனிக்கவில்லை.
அடுத்த பெயரில் எழுத்து கோணலாக இருந்தது.

வெளியே வந்ததும் அம்மா
என் தொப்பி நாடாவை அவிழ்த்து மறுபடி முடிந்தாள்.
வலித்தது.
'வேகமா வாசிச்சிட்டே' என்றாள், அதோடு சரி.

திங்கட்கிழமை பேருந்தில் அதே பெயர்.
சுருக்கென்றது. இல்லை என்றால் பொய்.
ஆனால் இடம் போதும் அவளுக்கு,
நான் நகரவில்லை.

அன்று இரவு ஜெபத்தில் வரிசை மாறவில்லை.
பன்றி ஒன்பது குட்டி போட்டிருந்தது.
ஒன்பதுக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார் அப்பா.
பெசமினோ சிரிப்பை அடக்கி இருமினான்.
நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.
அப்புறம் என் பெயர் வந்தது.
எங்கும் நீட்டவில்லை.
குறிலாகத்தான் சொன்னார்.