பதினொன்றாவது பெயர்

கம்பம்மெட்டு வளைவுகளில்
ஜீப் சாயும்போதெல்லாம்
மடியில் இருந்த கவரை
நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன்.
ஏலக்காட்டுக்குப் போகிறவர்களுக்கு நடுவில்
இஸ்திரி போட்ட சுடிதார் என்னுடையது மட்டும்.
"எங்கடி இம்புட்டுப் பவுடரு?"
ராமுத்தாய் அக்கா கேட்டாள்.
நெடுங்கண்டம், என்றேன். நர்சு படிக்க.
"அதுக்கு மார்க்கு வேணுமேடி."

தமிழ் எழுபத்தொன்று.
மற்றதைச் சொல்ல வேண்டாம்.
வேதியியல் முப்பத்தைந்து.
அதிலும் ஒன்று குறைந்திருந்தால்
இந்தக் கவருக்குள் எதுவுமே இருந்திருக்காது.

சுருளிவேல் அண்ணன் சொல்லியிருந்தார்:
பெங்களூர்ல சீட்டு இருக்கு,
மார்க்கே கேக்க மாட்டான்,
அட்வான்ஸ் அறுபதாயிரம்.
அம்மா கம்மலைக் கழற்றி
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.
அது அறுபதாயிரம் இல்லை.
திரும்ப மாட்டிக்கொண்டாள்.

செக்போஸ்ட் தாண்டியதும்
போர்டில் எழுத்தெல்லாம் உருண்டையாகிவிட்டது.
கூட்டிக் கூட்டி வாசித்தேன்.
பாதி தெரிந்தது, பாதி ஊகம்.
பரீட்சையும் அப்படித்தான் எழுதினேன்.

சிஸ்டர் ஆன்சிலா
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.
"கெமிஸ்ட்ரி எந்தா மோளே இங்ஙனே?"

சொல்லியிருக்கலாம்:
ஸ்டடி லீவில் காட்டுக்குப் போனேன், கடைசி எடுப்பு.
மருந்தடிக்கிற ஓஸைப் பிடித்திருந்த அம்மா
செடிக்கு நடுவில் உட்கார்ந்தாள்,
பிறகு சரிந்தாள்.
வாயில் நுரை.
கண்ணின் கருமணி கடுகை விடச் சிறுத்திருந்தது.
எல்லோரும் அம்மாவைத் தூக்கினார்கள்.
நான் காலி டப்பாவைத் தூக்கினேன்.
சிவப்பு முக்கோணம், பொடிப்பொடி எழுத்து.
என்ன மருந்து என்று டாக்டர் அதட்டியபோது
"பச்ச டப்பா சார், போன வருசமும் அதான்"
என்றார் கங்காணி.
நான் பெயரை வாசித்தேன்.
முறிவு மருந்து என்று கீழே இருந்ததையும் வாசித்தேன்.
என் வாழ்க்கையில் கெமிஸ்ட்ரி
ஒரு எழுத்துக்கூடப் பிசகாதது அன்றைக்குத்தான்.
அதற்கு யாரும் மார்க் போடவில்லை.

ஆறு ராத்திரி கட்டிலுக்குக் கீழே படுத்தேன்.
புத்தகம் பையிலேயே கிடந்தது.
சொட்டு சொட்டாய் இறங்குவதை எண்ணிக்கொண்டிருப்பேன்.
பெயர் கேட்காமலே விட்டுவிட்ட ஒரு நர்சு
மணிக்கு ஒருமுறை வந்து
அம்மாவின் இமையைத் தூக்கி டார்ச் அடிப்பாள்.
ஒன்றும் பேச மாட்டாள்.
இரண்டாம் நாள் விடியற்காலை மட்டும்
"விரியுது" என்றாள்.
செருப்புச் சத்தம் அடுத்த கட்டிலுக்குப் போனது.

இவ்வளவும் தொண்டை வரை வந்தது.
"படிக்கல சிஸ்டர்" என்றேன்.

அவர் சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை.
ரத்தம் பார்த்தால் பயமா? இல்லை.
மலையாளம் அறியுமோ?
குறச்சு, என்றேன். அது கொஞ்சம் பொய்.
பெரிய நோட்டில் எழுதினார்.
தலைகீழாக எட்டிப் பார்த்தேன்,
வெயிட்டிங் லிஸ்ட், பதினொன்று.

எனக்கு மேலே பத்துப் பெயர்.
ஷின்ஸி, முபீனா, அலீட்டா,
மற்றவை வாசிப்பதற்குள் நோட்டு மூடிவிட்டது.
பஸ் ஸ்டாண்டில் நின்று கும்பிட்டேன்,
எந்தத் திசைச் சாமி என்று பார்க்கவில்லை.
ஷின்ஸிக்குக் கோட்டயத்தில் கிடைக்கட்டும்.
முபீனாவுக்கு டாக்டர் சீட்டே கிடைக்கட்டும்.
அலீட்டாவை மாமா யாராவது
ஜெர்மனிக்குக் கூட்டிப் போகட்டும்.
பத்துப் பேரில் ஒருத்திக்கும்
காய்ச்சல்கூட வரக் கூடாது,
நன்றாயிருந்து, வேறெங்காவது போகட்டும்.
முகம் தெரியாத பிள்ளைகளுக்காக
இவ்வளவு நல்லது நான் கேட்டதே இல்லை.

சாயங்கால ஜீப்பில் இடம் பிடித்து வைத்திருந்தாள்
ராமுத்தாய் அக்கா.
பிசின் ஏறிக் கறுத்த விரலால்
என் துப்பட்டாவைத் தொடாமல் ஒதுக்கினாள்.
"என்னாச்சுடி?"
பதினொன்னுக்கா, என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
வண்டி இரண்டு வளைவு இறங்கிவிட்டது.
"மார்க்கா?" என்றாள்.