தகட்டில் பழுது

கிடங்கின் குளிரைப் பதினாறு பாகையில்
நிறுத்தி வைப்பது என் வேலை.
சாவிகளும் என்னிடம்தான்.

பாங்னிர்துங்கிலிருந்து மூன்று விமானம் மாறி
வந்திருந்தாள் நிவியாக், தையற்காரி.
இந்த ஸ்காட்லாந்துத் துறைமுக மழையைப் பார்த்து
"இதற்குப் பெயர் குளிரா?" என்றாள்,
நீலக் கையுறையை மாட்டிக்கொண்டே.

முதலில் படத்தைக் காட்டினேன்.
தாடியில் உறைபனி, பாறைமேல் ஒரு கால்;
துருவத்திடம் பாக்கி வசூலிக்க
வந்தவர்போல் நிற்கிறார் கேப்டன்.
எங்கள் ஊர் பிஸ்கட் டப்பா மூடியெல்லாம்
ஒரு காலத்தில் இவர்தான்.

பிறகு, மெல்லிய தாளை விலக்கி
அதே அங்கியை மேசைமேல் கிடத்தினேன்.
நூலில் கட்டிய சீட்டு:
"கேப்டன் அணிந்த மான்தோல் மேலங்கி."

தோளைச் சாணால் அளந்தாள்.
முதுகுப்புறம் புரட்டினாள்.
சிரித்தாள் பாருங்கள்,
ஈரமானியின் முள்கூட
ஒரு புள்ளி ஏறியிருக்கும்.

"தோள் ஏன் இவ்வளவு அகலம் தெரியுமா?
முதுகில் கிடக்கும் பிள்ளையை
வெளியே எடுக்காமலே
மார்புக்குத் திருப்பிப் பாலூட்ட.
உங்கள் வீரர்
யாரோ ஒரு தாயின் சட்டையில் நிற்கிறார்."

நானும் சிரித்தேன்.
அவள் விரல் மட்டும் நிற்கவில்லை.
பிள்ளைப் பையைச் சுருக்கித் தைத்திருந்தது.
பழைய ஊசித்துளை ஒரு வரி,
அதையொட்டி நரம்புநூல் ஒரு வரி.
பின்வால் வெட்டப்பட்டிருந்தது.
"நல்ல கை. கோபம் இருந்திருக்கலாம்,
தையலில் காட்டவில்லை."

உள்ளே, ரோமம் தேய்ந்து வழுக்கையான
இரண்டு சின்ன வட்டங்கள்.
முழங்கால் உதைத்து உதைத்து.
கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டாள்.
விதிப்படி நான் தடுத்திருக்க வேண்டும்.

"என்ன கொடுத்தார்கள்?"
பதிவேட்டில் தேடினேன்:
ஊசி ஒரு பொட்டலம், தேயிலை,
மூடியில்லாத தகரக் கெண்டி ஒன்று.
"அந்தப் பனிக்காலம் முழுக்க
பிள்ளையை எதில் சுமந்தாள்?"
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

வேறென்ன செய்வதென்று தெரியாமல்
கண்ணாடித் தகட்டை எடுத்துவந்து
விளக்குமேசையில் வைத்தேன்.
கேப்டனின் முழங்கை தாண்டி, ஓரத்தில்,
வெளிறிய ஒரு தீற்றல்.
உறைமேல் எனக்கு முந்தியவர் எழுத்து:
"தகட்டில் பழுது. அச்சிடும்போது வெட்டிவிடவும்."

குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.
"பழுதில்லை," என்றாள்.
"அசையாமல் நிற்கச் சொல்லியிருப்பார்கள்.
எப்படி நிற்கும்?
குளிரில் குதிக்கிறது."